டிரம்மரை இழுக்காதீங்க... கட்டத்தை இழுங்க! - கிளிக் இல்லாமல் வாசித்த தாளத்துக்கு டெம்போ பிடிக்கும் வித்தை

ஆடி மாதம் வந்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வே கிடையாது. சங்கராபுரம், சின்னசேலம், கச்சிராயபாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஓர் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். இரவானால் இன்னிசைக் கச்சேரி. மேடையில் கீபோர்டு, தபேலா, டோலக்... அவற்றோடு ஒரு ஸ்டாண்டில் சாய்த்து வைத்த சின்ன சதுரப் பலகை ஒன்று. ஸ்டிக்கால் தட்டினால் ஒரு கட்டத்தில் தவில், இன்னொன்றில் உருமி, மூன்றாவதில் டிரம்ஸ் கேட்கும். ரிதம் பேட் அல்லது ஆக்டோபேட் என்றால் கச்சேரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பேட் வாசிப்பவர் காதில் 'டிக் டிக்' என்று கிளிக் சத்தம் எதுவும் ஓடாது. பாடகரின் மூச்சையும் கூட்டத்தின் ஆட்டத்தையும் பார்த்துத்தான் வாசிப்பார். நிதானமாகத் தொடங்கும் அம்மன் பாட்டு, சாமியாட்டம் வரும் நேரத்துக்கு நன்றாகச் சூடுபிடித்திருக்கும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஏறாமல் இருந்தால்தான் கூட்டம் உட்கார்ந்துவிடும்!

அதே வாசிப்பை வீட்டில் லேப்டாப்பில் பதிவு செய்து, மேலே பேஸ் கிட்டாரும் கீபோர்டும் சேர்க்க நினைக்கும்போதுதான் சிக்கல். சாஃப்ட்வேர் ஒரு வேகத்தில் போகிறது, தாளம் வேறு வேகத்தில் போகிறது.

சத்தம் அல்ல, குறிப்பு

பேடிலிருந்து கம்ப்யூட்டருக்கு கேபிள் வழியாகப் போவது சத்தம் அல்ல. எந்தக் கட்டத்தை அடித்தார், எப்போது அடித்தார், எவ்வளவு அழுத்தி அடித்தார் என்ற குறிப்புகள் மட்டுமே போகின்றன. அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை மதிப்பெண். இதற்குப் பெயர் மிடி. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த ஓர் இசைக்கருவிக் கண்காட்சியில், இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் சிந்தசைசர்களை ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். அன்று முதல் எல்லாக் கம்பெனிக் கருவிகளுக்கும் பொது பாஷை இதுதான். அதற்காக உழைத்த டேவ் ஸ்மித், இகுடாரோ ககேஹாஷி இருவருக்கும் 30 வருடம் கழித்து, 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள்.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரைத் திறந்ததும் பெரும்பாலும் டெம்போ 120 என்று காட்டும். (ஊரில் டெம்போ என்றால் சாமான் ஏற்றும் வண்டி. இங்கே நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற கணக்கு.) மிடி ஃபைலில் வேகம் எதுவும் எழுதவில்லை என்றாலும் 120 என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதாவது, தட்டுக்கு அரை விநாடி. நம் பேட் கலைஞர் வாசித்ததோ 100-ல் தொடங்கி ஏறிக்கொண்டே போன தாளம். திரையில் கோடு ஓரிடத்திலும் அடி வேறிடத்திலும் நிற்கும்.

உடனே பலர் அழுத்தும் பட்டன் குவான்டைஸ். ஒவ்வொரு அடியையும் அருகில் இருக்கும் கோட்டின் மேல் கொண்டுபோய் ஒட்டவைக்கும் வசதி அது. கோடே தப்பான இடத்தில் இருந்தால்? இரண்டாவது தட்டு மூன்றாவதின் பக்கத்தில் போய் ஒட்டும், உருட்டல் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காரும். நல்ல வாசிப்பு, மாடிப்படியில் உருண்ட தகரடப்பா போல ஆகிவிடும்.

அடுத்து, 'டெம்போவை 100 ஆக்கினால் சரியாகிவிடுமே' என்று மாற்றிப் பார்ப்பார்கள். இப்போது வாசிப்பே மெதுவாகிவிடும்! காரணம், மிடி அடிகள் விநாடிக் கணக்கில் சேமிக்கப்படுவதில்லை. கோடுகளுக்கு நடுவே எத்தனையாவது புள்ளி என்ற கணக்கில்தான் இருக்கின்றன. ரப்பர் ஷீட்டில் கோடும் போட்டு, கோலமும் போட்ட மாதிரி. ஷீட்டை இழுத்தால் இரண்டும் சேர்ந்தே இழுபடும்.

முதலில் பூட்டு, பிறகு அளவு

ஆகவே, கோலத்தைத் தனியாகப் பிரித்து, நகராமல் ஒட்டவைப்பதுதான் முதல் வேலை. க்யூபேஸில் அந்த டிராக்கை 'லீனியர்' நேரத்துக்கு மாற்ற வேண்டும். லாஜிக் ப்ரோவில் பீட் மேப்பிங் பகுதியில் 'ப்ரொடெக்ட் மிடி' என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. ரீப்பரில் மிடி துண்டின் சோர்ஸ் ப்ராப்பர்ட்டீஸில் 'இக்னோர் ப்ராஜெக்ட் டெம்போ'வைத் தேர்வு செய்ய வேண்டும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். இனி டெம்போவை என்ன மாற்றினாலும் அடிகள் இருந்த விநாடியிலேயே இருக்கும். இதற்கு முன் ஃபைலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பூட்டாமல் டெம்போவைக் கலைத்துவிட்டு, அந்த நிலையிலேயே சேமித்தும் விட்டால் பழைய வாசிப்பை மீட்பது பெரும்பாடு.

அடுத்தது, காது வேலை. பாட்டை ஓடவிட்டு ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முதல் தட்டு, அதாவது சமம், எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்து, சாஃப்ட்வேரின் கோட்டை அங்கே இழுத்து வைக்க வேண்டும். அடி கோட்டுக்கு வரக் கூடாது, கோடுதான் அடிக்கு வர வேண்டும். மொத்த வித்தையும் இதுதான்.

கணக்கும் எளிது. நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று 2.4 விநாடி எடுத்தால், 240-ஐ 2.4-ஆல் வகுக்க வேண்டும்: டெம்போ 100. பத்து சுற்று தள்ளி அதே சுற்று 2.3 விநாடியில் முடிந்தால் ஏறக்குறைய 104. சாமியாட்டத்தில் 2 விநாடி என்றால் 120. கோட்டை இழுத்தால் இந்த வகுத்தலை சாஃப்ட்வேரே செய்துகொள்ளும். கடைசியில் பாட்டு முழுக்க ஏறி இறங்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். அதுதான் டெம்போ மேப்.

'தானாகவே கண்டுபிடி' என்ற வசதி இப்போது பல சாஃப்ட்வேர்களில் உண்டு. நேரான நாலு தட்டுப் பாட்டுக்கு நன்றாகவே வேலை செய்யும். நம்மூர் குத்துப்பாட்டில்தான் திணறும். ஒரு தட்டுக்குள் மூன்று மூன்றாக ஓடும் திஸ்ர நடையைப் பார்த்துவிட்டு, 100 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 150 என்று சொல்லும், இல்லாவிட்டால் 200 என்று இரட்டிப்பாக்கும். கால் தட்டிப் பார்த்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும் தப்பு இது. கிக் டிரம் விழும் இடமெல்லாம் சமம் என்று நம்புவதும் ஆபத்துதான். நல்ல கலைஞர் சமத்துக்கு அரைத் தட்டு முன்னாலேயே தூக்கி அடிப்பார்.

எத்தனை கோடு இழுப்பது? சுற்றுக்கு ஒன்று போதும். சிலர் ஆர்வக்கோளாறில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு கோடு வைப்பார்கள். அப்படிச் செய்தால் கிளிக் நொண்டியடிக்கும், அதை நம்பிச் சேர்க்கும் பேஸும் கீபோர்டும் சேர்ந்து நொண்டும். சுற்றின் தலையை மட்டும் பிடித்தால், உள்ளே அவர் கொஞ்சம் முந்துவதும் பிந்துவதும் அப்படியே இருக்கும். அந்த முந்தல் பிந்தல்தானே அவர் கை! அதன் பிறகும் ஏதாவது அடி உறுத்தினால், அந்த அடிக்கு மட்டும் குவான்டைஸை பாதி அளவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய சினிமாப் பாட்டுக்கு மேல் புது பீட் போட்டு ரீமிக்ஸ் செய்கிறவர்கள், ஒரு நிமிடத்தில் தாளம் விலகுகிறது என்று புலம்புவதும் இதே கதைதான். அந்தப் பாடல்களில் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தது. 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அதுபோல எந்திரத் தாளம் பழக்கமான பிறகு வந்த பாடல்களில் இந்தத் தொல்லை குறைவு. முன்பு வந்தவற்றுக்கு மேப் போட்டே ஆக வேண்டும்.

கூத்து மேளத்துக்கு என்ன வழி?

இதே மாவட்டத்தில்தான் கூவாகம் இருக்கிறது. அரவான் கதை சித்திரைத் திருவிழாவாகும் ஊர். இந்த வட்டாரத் தெருக்கூத்தில் மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், முகவீணை, தாளம் சேர்ந்து விடிய விடிய ஓடும். வேடம் திரைக்குப் பின்னால் நிற்கும்போது ஒரு வேகம், திரை விலகியதும் ஒரு வேகம், சண்டை வந்தால் வேறு வேகம். கர்நாடகக் கச்சேரியில் எடுத்த காலப்பிரமாணத்தைக் கடைசிவரை காப்பாற்றுவது பெருமை. கூத்திலோ வேகம் மாறுவதே கதை சொல்லும் முறை. அதை 120-ல் அடைத்து ரீமிக்ஸ் போட்டால் மேளச் சத்தம் இருக்கும், கூத்து இருக்காது.

இங்கே பேடும் இல்லை, மிடியும் இல்லை. இருந்தாலும் பரவாயில்லை. சமத்தில் கோடு வைக்கும் அதே முறை சாதாரண ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். கல்வராயன் மலைக்கு மேலே வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமத் திருவிழா மேளத்தைப் பதிவு செய்ய லேப்டாப் தூக்கிப் போக வேண்டியதில்லை. போனை மேளத்துக்கு மிக நெருக்கமாக வைக்காமல், பத்தடி தள்ளி, தாளம் தட்டுகிறவர் பக்கமாக வைத்தால் போதும். மிக அருகில் வைத்தால் சத்தம் உடைந்து, சமம் எது என்றே தெரியாமல் போகும். மேப்பை வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்ளலாம். எது சமம் என்ற சந்தேகம் வந்தால் வாசித்தவரிடமே கேட்டுவிடுவது உத்தமம். அவர் தொடையில் தட்டிக் காட்டுவதைப் போனிலேயே பதிவு செய்துகொண்டால், கோடு வைக்கும்போது கைகொடுக்கும்.

வேலை முடிந்து, மிக்ஸிங்குக்காக வேறு ஊர் ஸ்டுடியோவுக்கு அனுப்பும்போது இன்னொரு விஷயம். வெறும் ஆடியோ ஃபைல்களை மட்டும் அனுப்பினால், உட்கார்ந்து போட்ட டெம்போ மேப் பெரும்பாலும் கூடப் போகாது. அங்கே மறுபடி 120-தான் காட்டும். எல்லா ஆடியோவையும் முதல் கோட்டிலிருந்தே தொடங்கும்படி எடுத்து, கூடவே டெம்போ விவரத்தோடு ஒரு மிடி ஃபைலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அது சில கிலோபைட்தான்; வாட்ஸ்அப்பிலேயே போய்விடும்.