எடுப்பதா, சீர்செய்வதா? சுருங்கிய சிறுநீரகத் தமனியின் கதை



நான்காம் படிவ வகுப்பில் ஒருநாள் சிறுநீரகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி சுருங்கினால் உடல் முழுவதும் இரத்த அழுத்தம் உயரலாம் என்றேன். ஒரு மாணவி உடனே கையை உயர்த்தினாள்.

“டீச்சர், நமக்குத்தான் இரண்டு சிறுநீரகம் இருக்கிறதே! பிரச்சினை தருவதை எடுத்துவிட்டால் தீர்ந்தது, இல்லையா?”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் பெரிய மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் தங்கள் எண்ணத்தை ஏன் மாற்றிக்கொண்டார்கள் என்பதை இன்று பார்ப்போம்.

தவறான புகார்

பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒரே ஒரு வீட்டின் குழாய் மட்டும் துருப்பிடித்து அடைத்துக்கொண்டது. அந்த வீட்டுக்காரர், “தண்ணீர் வரவில்லை, பம்பைக் கூட்டுங்கள்!” என்று புகார் செய்கிறார். பம்பின் அழுத்தம் கூடுகிறது. அவர் வீட்டுக்குக் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. மற்ற வீடுகளில் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன.

நம் உடலிலும் இதுதான் நடக்கிறது. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், சிறுநீரகங்களுக்குச் செல்கிறது. தமனி சுருங்கி அந்த வரத்து குறைந்தால், உடலில் இரத்தமே குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் எண்ணிக்கொள்கிறது. உடனே ‘ரெனின்’ என்ற நொதியைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் ‘ஆஞ்சியோடென்சின்’ உருவாகிறது. அது உடலெங்கும் இரத்த நாளங்களை இறுக்குகிறது. உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைக்கச் செய்கிறது. விளைவு, உயர் இரத்த அழுத்தம்.

இயற்பியலும் இங்கே உண்டு. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்று நினைப்பீர்கள். ஆனால், அழுத்தம் மாறாதபோது ஒரு குழாயின் ஓட்டம் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்காகிவிடும்!

நாய்கள் சொன்ன உண்மை

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஹேரி கோல்ட்பிளாட் என்ற நோயியல் அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். வெள்ளியாலான சிறு பிடிகளைக் கொண்டு நாய்களின் சிறுநீரகத் தமனிகளை இறுக்கினார். நாய்களின் இரத்த அழுத்தம் உயர்ந்து, அப்படியே நீடித்தது. இதை அவர் 1934-இல் வெளியிட்டார்.

1938-இல் லெட்பெட்டர், பர்க்லண்ட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். ஐந்து வயதிலேயே அவனுக்குக் கடுமையான இரத்த அழுத்தம். போதிய இரத்தம் பெறாத ஒரு சிறுநீரகத்தை அகற்றியதும் அவன் குணமடைந்தான். செய்தி பரவியது. இரத்த அழுத்த நோயாளி ஒருவருக்கு ஒரு சிறுநீரகம் சிறியதாகத் தெரிந்தால், அதை எடுத்துவிடும் வழக்கம் பெருகியது. என் மாணவி சொன்ன அதே வழி!

ஆனால் 1956-இல் உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் இத்தகைய 575 அறுவை சிகிச்சைகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே இரத்த அழுத்தம் இயல்பு நிலைக்கு வந்திருந்தது. மற்றவர்கள் ஒரு சிறுநீரகத்தை இழந்தும் நோய் தீரவில்லை.

ஏன்? பலருக்கு நோயின் காரணம் அந்தச் சிறுநீரகமே அன்று. வேறு சிலருக்கு, பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தைத் தாங்கிய மற்றச் சிறுநீரகம் ஏற்கனவே சேதமடைந்திருக்கும். அப்படிப்பட்டவரிடம் எஞ்சிய ஒன்றைப் பறிப்பது எவ்வளவு ஆபத்து!

குழாயைச் சரிசெய்வோம்

இதற்கிடையே வேறொரு வழி பிறந்திருந்தது. 1954-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் நோர்மன் ஃப்ரீமன் குழுவினர், தமனியைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்த சிகிச்சையை வெளியிட்டனர். சிறுநீரகம் தன் இடத்திலேயே இருந்தது.

அடுத்து மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை வந்தது. நோயாளியின் காலிலிருந்து ஒரு சிரையை எடுத்து, ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைப்பார்கள். சிரையைத் தலைகீழாகத் திருப்பித்தான் வைப்பார்கள். காரணம் தெரிகிறதா? சிரையில் வால்வுகள் உண்டு. அவை இரத்தத்தை ஒரே திசையில்தான் விடும். திருப்பாமல் வைத்தால் வால்வுகள் மூடிக்கொள்ளும்!

தமனியின் கிளைகள் வரை சேதம் பரவியிருந்தால், சிறுநீரகத்தையே வெளியே எடுத்து, குளிர்ந்த திரவத்தில் வைத்துத் தமனியைச் சீர்செய்து, மீண்டும் அதே நோயாளியின் இடுப்புப் பகுதியில் பொருத்துவதும் உண்டு. குளிர்ச்சி எதற்கு? குளிரில் செல்களின் ஆக்சிஜன் தேவை குறையும். மருத்துவருக்கு நேரம் கிடைக்கும்.

1978-இல் சூரிச் நகரின் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், வயிற்றைத் திறக்காமல் மெல்லிய குழாய் வழியே ஒரு சிறு பலூனைச் செலுத்திச் சிறுநீரகத் தமனியை விரித்ததாக அறிவித்தார். பின்னர், விரிந்த இடம் மீண்டும் சுருங்காதபடி தாங்கிப்பிடிக்கும் ‘ஸ்டென்ட்’ என்ற வலைக்குழாயும் வந்தது.

எல்லாருக்கும் தேவையா?

தமனி சுருங்க முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. முதியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவு. இளம், நடுத்தர வயதுப் பெண்களுக்குத் தமனிச் சுவரின் தசைநார்க் கோளாறு. எக்ஸ்ரே படத்தில் அந்தத் தமனி மணிமாலைபோல் தெரியும். இரண்டாம் வகைக்குப் பலூன் சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

கொழுப்புப் படிவுக்கு? 947 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ‘கோரல்’ ஆய்வின் முடிவு 2014-இல் வெளிவந்தது. மருந்தோடு ஸ்டென்ட் பொருத்தியவர்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களைவிடக் குறிப்பிடத்தக்க மேலான பலனைப் பெறவில்லை. ஆகவே இன்று அத்தகையவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே முதல் சிகிச்சை. திறந்த அறுவை சிகிச்சை, சிறுவர்கள் சிலருக்கும் பலூனால் சரிசெய்ய முடியாத சிக்கலான தமனிகளுக்கும் கைகொடுக்கிறது.

என் மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “புகார் செய்த வீட்டை இடிப்பதற்கு முன், குழாயைப் பார்.” சிறுநீரகம் செயலிழந்துபோய், அழுத்தத்தை மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் இன்றும் அதை அகற்றுவதுண்டு. ஆனால் அது கடைசி வழி.

மாணவர்களே, உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது. இளவயதில் அது வந்தால் அதற்குப் பின்னால் ஏதேனும் காரணம் ஒளிந்திருக்கலாம். எனவே கிளினிக்கில் அடுத்த முறை கையில் பட்டை கட்டி அளக்கும்போது, அந்த இரண்டு எண்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியின் எண்களையும் கேளுங்கள்.