கான்கிரீட்டை அறுக்கும் கலை

கட்டுவது ஒரு கலை என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். கட்டியதை வெட்டுவதும் ஒரு கலையே என்று நான் சொன்னால் மாணவ நண்பர்களுள் சிலர் நகைக்கக்கூடும். சம்மட்டியும் தோள்வலியும் இருந்தால் போதாதா என்று கேட்கவும் கூடும். போதா என்பதற்குத் தூத்துக்குடிக் கடற்கரையே சான்று.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைக் கடந்து சென்றால் தருவைகுளம் என்னும் மீனவர் ஊர் வரும். முத்துக்குளித்தலால் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாவின் கரை அது. அக்கடலில் முத்துச் சிப்பியோடு பவளப் பாறையும் உண்டு. முன்பெல்லாம் அப்பாறையைப் பெயர்த்துக் கரைக்குக் கொணர்ந்து சுவருக்குக் கல்லாக அடுக்கினர். சூளையிலிட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினர். எடுத்த கல்லை எண்ணினார்களேயன்றி, கடலுள் எஞ்சி நின்றதை எண்ணினாரில்லை. அலையைத் தடுத்து நின்ற அரண் தளர்ந்தது. அதுவும் ஒரு காரணமாக விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001-ஆம் ஆண்டில் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் கிடைத்தது. அரிக்கப்பட்டுவந்த வான் தீவைக் காக்க, 2015 முதல் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினர். எடுப்பதைவிட எஞ்சுவதையே முதலில் எண்ண வேண்டும் என்பது இதனால் விளங்கும். கான்கிரீட்டை அறுப்பவர்க்கும் இதுவே முதற்பாடம்.

கடலோரத்தில் கான்கிரீட்டை ஏன் அறுக்க நேர்கிறது? கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை, அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. ஆகவேதான் உள்ளே எஃகுக் கம்பியை வைக்கிறோம். கடற்காற்றின் உப்பு நுண்துளைகள் வழியே புகுந்து கம்பியை அடைந்தால் கம்பி துருப்பிடிக்கும். துருவானது இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால், சுற்றியுள்ள கான்கிரீட் வெடித்து உதிரும். கடல்நீர் தெறிக்கும் இடங்களில் கம்பியின்மேல் 50 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் இருக்க வேண்டுமென 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை 456 விதிப்பது இதனால்தான். கெட்ட பகுதியை நீக்கிப் புதிதாகப் பூசுவதற்கு முதலில் வெட்டியாக வேண்டும்.

வெட்டும் முறைகளுள் எளியது காற்றழுத்தச் சம்மட்டி. சாலையோரத்தில் செவிகள் அதிர அது முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். முழுவதையும் இடித்துத் தள்ள அது ஏற்றதே. ஆனால் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போது, அதன் அதிர்ச்சி எஞ்சிய பகுதியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கிவிடும்.

அதிர்ச்சியின்றி அறுப்பது வைர வாள். வாள் என்றவுடன் பல் இருக்குமென எண்ணாதீர்கள். எஃகு வட்டின் விளிம்பில், உலோகப் பொடியோடு செயற்கை வைரத் துகள்களைச் சேர்த்து இறுக்கிய துண்டுகள் பதிந்திருக்கும். அவை வெட்டுவதில்லை, தேய்த்துத் தேய்த்தே வழி காண்கின்றன. மழுங்கிய துகள் உதிர, உலோகம் தேய்ந்து அடுத்த துகள் வெளிப்படும். ஆதலின் கடினமான கான்கிரீட்டுக்கு மென்மையான உலோகப் பிணைப்பே தக்கது என்பது வியப்பான உண்மை. செயற்கை வைரம் 1954-இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்டு, பின்னர்ப் பெருமளவில் கிடைத்ததனால்தான் இக்கருவி எங்கும் பரவியது.

இதற்கும் எல்லை உண்டு. வட்டின் நடுப்பகுதி அச்சில் பூட்டப்பட்டிருப்பதால், 350 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டு ஏறத்தாழ 125 மில்லிமீட்டர் ஆழமே இறங்கும். மேலும், சதுரத் திறப்பு ஒன்றை அறுக்கும்போது மூலையின் அடிவரை வெட்ட வேண்டுமானால், மேற்பரப்பில் கோடு மூலையைக் கடந்து ஓடிவிடும். நிற்கவேண்டிய தளம் அங்கே வலுவிழக்கும். அதனால் நல்ல தொழிலாளி முதலில் நான்கு மூலைகளிலும் வைரக் குழல் துரப்பணத்தால் துளையிட்டுக்கொண்டு, துளைக்குத் துளை அறுப்பார்.

வட்டு எட்டாத பருத்த தூணுக்கு வைர மணிகள் கோத்த எஃகு வடம் உண்டு. தூணைச் சுற்றி வளைத்து எந்திரத்தால் ஓட்டினால், கம்பியையும் கல்லையும் ஒருங்கே அறுத்துவிடும். கம்பியில்லாத பெருங்கட்டியைப் பிளக்கச் சுண்ணாம்பே போதும். சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் பொங்கி நீறாகுமன்றோ? அவ்வகைக் கலவையை வரிசையான துளைகளில் நிரப்பினால், அது மெல்ல விரிந்து ஓசையின்றிக் கட்டியைப் பிளக்கும்.

பழுதுபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். மின்காந்தக் கருவியால் கம்பி கிடக்கும் இடத்தை முதலில் அறிய வேண்டும். கம்பியைத் தொடாத அளவுக்கு, பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் எல்லைக்கோட்டை வாளால் அறுக்க வேண்டும். பிறகு சிறு உளிகளால் உள்ளே கொத்தி, கம்பியின் பின்புறமும் விரல் நுழையுமளவு நீக்கித் துருவைத் துடைக்க வேண்டும். விளிம்பு செங்குத்தாக இருந்தால்தான் புதுப்பூச்சு பற்றி நிற்கும்.

இனி, எஞ்சுவனவற்றுள் எல்லாம் தலையாயது ஒன்று உண்டு. அது அறுப்பவரின் உயிர். பவளக்கல் சுண்ணப்பொருள், கான்கிரீட்டிலோ மணலின் சிலிக்கா இருக்கிறது. உலர்ந்த நிலையில் அறுத்தால் எழும் தூசியில், கண்ணுக்குப் புலப்படாத துகள்களே நுரையீரலின் அடிவரை சென்று தங்கித் தழும்பேற்றுகின்றன. சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்குத் தீர்க்கும் மருந்தில்லை. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு நிறுவனம் 1997-இல் இத்தூசியைப் புற்றுநோய் விளைப்பதாக வகைப்படுத்தியது. தோள்துண்டை வாயில் சுற்றிக்கொள்வது இதற்குக் காப்பாகாது. வட்டின்மேல் இடையறாது நீர் பாய வேண்டும்; தக்க முகமூடியும் வேண்டும். அந்த நீர் வாளைக் குளிர்விப்பதற்கு மட்டுமன்று.

நாளை உங்களுள் பலர் பொறியாளராகிப் பணித்தலங்களில் நிற்பீர்கள். அறுப்பதற்கு ஆணையிடுமுன் கம்பி எங்கே, பாரத்தைத் தாங்குவது எது, தண்ணீர் வந்துவிட்டதா என்னும் மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே எந்திரம் ஓடட்டும்.