“எனக்கு எதுக்கு சிஸ்டர்?”

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல நம்மள்ல பல பேர் இறங்கியிருப்போம். அந்தப் பேருக்குக் காரணம் 1928-ல அங்க ஆரம்பிச்ச காசநோய் மருத்துவமனை. 90-கள்ல எச்ஐவி நோயாளிகள் நிறைய பேர் வந்து சேர்ந்ததும் இங்கதான். 2004-ல அரசு இலவசமா ஏஆர்டி மருந்து தர ஆரம்பிச்ச முதல் இடங்கள்ல இதுவும் ஒண்ணு. நான் குரோம்பேட்டையில வளர்ந்தவன். ‘அந்த ஆஸ்பத்திரி’ன்னு சொல்லும்போதே எங்க தெருவுல குரலைக் குறைச்சுப்பாங்க. அந்தப் பழக்கம் எனக்குள்ளயும் இருக்குன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுது.

மனைவிக்கு ரெண்டாவது மாசம். முதல் செக்கப். ஹீமோகுளோபின், சர்க்கரையோட சேர்த்து எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி-ன்னு சீட்டுல எழுதியிருந்தாங்க. எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்கறதுதான், சரின்னு இருந்துட்டேன். அப்புறம் சிஸ்டர், “சார், நீங்களும் ரத்தம் குடுத்துடுங்க”ன்னாங்க.

“எனக்கு எதுக்கு சிஸ்டர்?”

மனைவி ஒண்ணும் சொல்லல. ஒரு பார்வை பார்த்தா, அவ்வளவுதான்.

எதுக்குன்னா, இந்த டெஸ்ட் யாரோட ஒழுக்கத்தையும் அளக்கறதில்லை. இந்த மூணு கிருமியும் அம்மாகிட்ட இருந்து குழந்தைக்குப் போகும், ஆனா தடுக்க முடியும். எச்ஐவிக்கு சிகிச்சையே எடுக்கலைன்னா 100 குழந்தைகள்ல 15-ல இருந்து 45 வரைக்கும் தொத்தலாம். அம்மா மாத்திரையை ஒழுங்கா எடுத்தா, அது 5-க்கும் கீழ வந்துடும். சிஃபிலிஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். கருச்சிதைவு ஆகலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். அதுக்கு மருந்து பழைய பென்சிலின் ஊசிதான், ஆனா பிரசவத்துக்கு குறைஞ்சது 30 நாள் முன்னாடி போட்டிருக்கணும். ஹெபடைட்டிஸ் பி-க்கு, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி.

சரி, அம்மாவுக்கு ரெண்டாவது மாசத்துல நெகட்டிவ் வந்தா முடிஞ்சுதா? இல்லை. புதுசா வந்த தொற்று சில வாரம் டெஸ்ட்லயே தெரியாது. கர்ப்பத்துக்கு நடுவுலயும் தொத்தலாம். 2018 டிசம்பர்ல சாத்தூர்ல நடந்தது ஞாபகம் இருக்கா? ரத்தசோகைக்காக அரசு ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திக்கிட்ட ஒரு கர்ப்பிணிக்கு, அந்த ரத்தத்துலயே எச்ஐவி வந்துடுச்சு. அவங்க மேல என்ன தப்பு? உடனே மருந்து ஆரம்பிச்சாங்க. 2019 ஜனவரியில மதுரையில பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு எடுத்த டெஸ்ட்ல தொற்று இல்லைன்னு வந்தது.

நடுவுல தொத்தறதுக்கு ரத்தம் ஏத்தறது ரொம்ப அபூர்வமான வழி. சாதாரண வழி புருஷன்தான். அதனாலதான் சிஸ்டர் என்னையும் கேட்டாங்க. கட்டாயம் கிடையாது, 2017-ல வந்த எச்ஐவி சட்டப்படி நம்ம சம்மதம் வேணும், ரிசல்ட்டையும் ரகசியமா வெச்சுக்கணும்.

கையை நீட்டினேன். ரிசல்ட் மறுநாள்னாங்க. பயப்பட ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சும் அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அவ நல்லா தூங்கினா.