முனகும் நீர்ப்பம்பி

கிணற்றடி நீர்ப்பம்பிக்கு மின் கொடுத்ததும் மோட்டர் சுழலாது முனகுகின்றதா? உடனே நிறுத்திவிடுங்கள், அன்றேல் சுருள்கள் கருகிவிடும்.

வீட்டு மின்னோட்டம் இத்தகைய மோட்டரைத் தானாகச் சுழற்றத் தொடங்காது. துணைச்சுருளின் மின்னோட்டத்தை முற்படச் செய்து, முதற் சுழற்சியைத் தருவது கப்பாசிற்றர் எனப்படும் கொள்ளளவியே. மின்னை முற்றாகத் துண்டித்து, அச்சைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பொறியிலே தடையுண்டு; இலகுவாகச் சுழன்றால் கொள்ளளவியை ஐயுறலாம். அது வீங்கியிருப்பின் ஐயம் வலுக்கும்.

மின்னைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவி மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடும். எமது பாடசாலைக் கிணற்றடியில், "நிறுத்தியாயிற்றே" என்று கைநீட்டிய மாணவனை நான் தடுத்ததுண்டு. தகுந்த தடையியால் அதனை இறக்குவது பயின்றவரின் வேலை.

புதியது பழையதன் மைக்குரோபரட் அளவையே உடையதாகவும், வோல்ற்றளவிற் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். அதன் விலை சிறிது, உயிருக்கோ விலையில்லை.