கடல்நீர்த் தொட்டிக்கு உயிருள்ள உணவு: தாவர மிதவை உயிர்களை வளர்க்கும் முறை

நிலத்தில் புல்லும் பூண்டும் எத்தகைய இடத்தைப் பெற்றுள்ளனவோ, அத்தகைய இடத்தைக் கடலில் பெற்றுள்ளவை கண்ணுக்குப் புலப்படாத தாவர மிதவை உயிர்களாகும். உலகில் ஒளிச்சேர்க்கையினால் உண்டாகும் உயிர்ப்பொருளில் ஏறக்குறைய பாதியை இவையே ஆக்கித் தருகின்றன. இவற்றை உண்டு நுண்விலங்குகளும் சிப்பியினங்களும் வாழ்கின்றன. அவற்றை உண்டு பிற உயிர்கள் வாழ்கின்றன. வீட்டிலோ பள்ளியிலோ கடல்நீர்த் தொட்டி அமைப்போர் இவ்வுணவுத் தொடரின் முதற் கண்ணியை மறந்துவிடுவது உண்டு.

தொட்டியின் நீரை வடிகட்டிகள் இடைவிடாது தூய்மை செய்வதால், மிதவை உயிர்கள் அதில் நிலைத்திருக்க இயலாது. மீன்களுக்குத் தூவும் உலர்ந்த உணவோ நீரை வடித்துண்ணும் உயிர்களுக்குப் பொருந்துவதில்லை. இத்தகைய பட்டினி வெளிப்படையாகத் தெரிவதுமில்லை. சிப்பி பல நாட்கள் வழக்கம்போல் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதன் உட்சதையோ சிறிது சிறிதாக மெலிந்துவிடும். ஆகவே உயிருள்ள உணவை நாமே வளர்த்து அளித்தல் அவசியமாகிறது.

எவ்வுயிர்களுக்கு இது பயன்படும்?

சிப்பிகள், குழாய்ப் புழுக்கள், கடற்பஞ்சுகள், துடுப்புக்காலிகள் எனப்படும் நுண்ணிய ஓடுடைய விலங்குகள் ஆகியவை இதனை நேரே உண்பவை. பாறை கட்டும் பவழங்கள் பெரும்பாலும் தம் உடலினுள் வாழும் பாசிகளாலும், பிடித்துண்ணும் விலங்கு மிதவைகளாலும் உயிர் வாழ்கின்றன. எனவே அவை மறைமுகமாகவே பயன் பெறும். ஆனால் உட்பாசியற்ற மென்பவழங்கள் சில தாவர மிதவைகளையே முக்கிய உணவாகக் கொள்கின்றன என்பது செங்கடலில் நடந்து 1995-ல் வெளிவந்த ஆராய்ச்சியினால் தெரியவந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். பாறை கட்டும் பவழங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001-லிருந்து பாதுகாக்கப்பட்டவை. அவற்றை நம் கடலிலிருந்து எடுத்துவந்து தொட்டியில் வைத்தல் குற்றமாகும். பள்ளித் தொட்டிக்கு உண்ணத்தக்க சிப்பிகளும் மட்டிகளும் போதும்.

நம் நாட்டில் இத்தொழில் புதியதன்று. தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உண்டாக்கியபோது, அவ்விளம் உயிர்களுக்கு ஐசோகிரைசிஸ் என்னும் பொன்னிற நுண்பாசியையே ஊட்டினர். பொரிப்பகத்தில் பெருமளவில் செய்வதனை இரண்டு லிட்டர் புட்டியில் சிறு அளவில் செய்தலே நாம் கூறப்போகும் முறை.

எதனைத் தேர்ந்தெடுப்பது?

முதன்முதலாகத் தொடங்குவோருக்கு நானோகுளோராப்சிஸ் ஏற்றது. இதன் செல் 2 முதல் 4 மைக்ரான் அளவே உடையது, எளிதில் கெடாது. டெட்ராசெல்மிஸ் இதனினும் பெரியது. நான்கு கசையிழைகளால் நீந்துவது. மாணவர் உருப்பெருக்கியில் காண்பதற்குச் சிறந்தது. ஐசோகிரைசிஸ் சத்து மிக்கதெனினும் வெப்பத்தையும் அசுத்தத்தையும் எளிதில் தாங்காது. கீட்டோசெராஸ் போன்ற சிலிகா ஓட்டுப் பாசிகளுக்குச் சிலிகேட்டு உப்பும் சேர்த்தல் வேண்டும். வித்தாகும் தூய வளர்ப்பைக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலோ பொரிப்பகத்திலோ கேட்டுப் பெறுதல் நலம்.

நீரும் உரமும்

வடிகட்டிய கடல்நீரை, அல்லது உட்பகுதிகளில் செயற்கைக் கடலுப்பு கரைத்த நீரை, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு இருக்குமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். அந்நீரில் லிட்டருக்கு 1 மில்லிலிட்டர் வீதம் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டுக் கரைசல் சேர்த்து ஓரிரவு மூடி வைக்கவும். பின்னர் சோடியம் தயோசல்பேட்டினால் குளோரினை நீக்கிக் காற்றூட்டவும். குளோரின் எஞ்சியில்லை என்பதைச் சோதனைத் துளிகளால் உறுதி செய்த பின்னரே வித்தினை இடலாம்.

உரமாக உலகெங்கும் வழங்குவது, கில்லார்ட், ரைதர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1962-ல் வெளியிட்ட கலவையின் பாதி வலிமையுடைய ‘எஃப்-2’ ஆகும். ஒரு லிட்டருக்குச் சோடியம் நைட்ரேட்டு 75 மில்லிகிராம், சோடியம் பாஸ்பேட்டு 5 மில்லிகிராம், மிகச் சிற்றளவில் இரும்பு முதலிய உலோகங்கள், தயாமின், பயோட்டின், பி-12 ஆகிய வைட்டமின்கள் இதில் அடங்கும். வயலுக்கிடும் உரத்தை இதற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. அதிலுள்ள அம்மோனியா தொட்டி உயிர்களுக்கு நஞ்சாகலாம்.

ஒளி, காற்று, வெப்பம்

நான்கு பங்கு உரநீருக்கு ஒரு பங்கு வித்து இட்டு, புட்டியின் அடிவரை செல்லும் குழாய் வழியே பஞ்சில் வடிந்த காற்றைச் செலுத்துக. காற்று செல்களைப் படியவொட்டாது கலக்குவதுடன் கரியமில வாயுவையும் அளிக்கிறது. வெள்ளொளி விளக்கு நாள்தோறும் 12 முதல் 16 மணி நேரம் எரிதல் போதும். 22 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் உகந்தது. நேர் வெயிலில் புட்டியை வைத்தால் நீர் சூடேறி வளர்ப்பு அழியும்.

அறுவடைக் காலம்

நீர் பசுமையாக இருப்பதொன்றே நல்ல உணவுக்கு அடையாளமன்று. இதுவே இம்முறையில் முதன்மையாக அறிய வேண்டியது. வித்திட்டபின் சிறிது காலம் செல்கள் தயங்கி நிற்கும். பிறகு விரைந்து பெருகும். உரமும் ஒளியும் போதாத நிலையில் பெருக்கம் நின்று, இறுதியில் மடியத் தொடங்கும். மடியும் நிலையிலும் நீர் பசுமையாகத் தோன்றலாம். அதனை ஊட்டினால் அழுகிய பொருளையே தொட்டியில் சேர்த்தவராவோம்.

இதனைக் கண்டறிய எளிய கருவி ஒன்று உண்டு. சென்டிமீட்டர் குறித்த குச்சியின் முனையில் சிறு வெள்ளை வட்டொன்றைப் பொருத்திப் புட்டிநீரில் இறக்கவும். வட்டு மறையும் ஆழத்தை நாள்தோறும் குறித்துவருக. ஆழம் நாளுக்கு நாள் குறைந்துவரும் வரையில் வளர்ச்சி நடைபெறுகிறது. குறைவது தளரும்போதே அறுவடை செய்தல் வேண்டும். பாதியை எடுத்துக்கொண்டு அதே அளவு புது உரநீர் சேர்க்கலாம். துர்நாற்றம், மிகுந்த நுரை, அடியில் கட்டியான படிவு, திடீரென நீர் தெளிதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினும் முழுவதையும் கொட்டிவிடுக. குறுயிழை உயிரிகள் புகுந்துவிட்டால் அவை ஓரிரு நாட்களில் பாசியை உண்டு தீர்க்கும்.

இக்காரணத்தாலேயே தாய் வளர்ப்பொன்றைச் சிறு குடுவையில் தனியே காத்தல் இன்றியமையாதது. அதிலிருந்து ஊட்டுவதற்கு ஒருபோதும் எடுக்கலாகாது. அதற்குரிய கருவிகளை வேறொன்றுக்கும் பயன்படுத்தலாகாது.

ஊட்டும் முறை

100 லிட்டர் தொட்டிக்கு முதலில் 20 மில்லிலிட்டர் இடுக. நுரைபிரிப்பானை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்கவும். சில மணி நேரத்தில் நீர் தெளிந்தால் அளவைச் சிறிது உயர்த்தலாம். மறுநாளும் கலங்கியிருந்தால் குறைக்க வேண்டும். புதிய உரநீரின் ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் 55 மில்லிகிராம் நைட்ரேட்டு இருப்பதால், பாசி அதனை உண்டு வளருமுன் ஊட்டுதல் தவறு. எஞ்சிய நானோகுளோராப்சிஸை 4 டிகிரி வெப்பநிலையில் குளிர்பெட்டியில் வைத்து, நாள்தோறும் குலுக்கி, இரு வாரங்களுக்குள் பயன்படுத்தலாம்.

ஆசிரியர்கள் ஒரே வித்தினை மூன்று புட்டிகளில் இட்டு, ஒன்றில் உரத்தையும், மற்றொன்றில் ஒளியையும் விலக்கி, வட்டு மறையும் ஆழத்தை மாணவரைக் கொண்டு வரைபடமாக்கலாம். பயிர் வளர்ச்சியின் விதிகளை ஓரிரு வாரங்களில் கண்கூடாகக் காட்டவல்ல சோதனை இது. களப் பணியாளர்களும் இவ்வளவீட்டினைப் பழகிக்கொண்டால், சிறு பொரிப்பகம் நடத்துவோருக்கு வளர்ப்பு கெடுமுன்னரே தக்க யோசனை கூற இயலும்.