வலைச் சேவையகத்தின் மிகைச்சுமையும் அதன் காரணங் காணும் முறையும்

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரு வலைத்தளத்தை நாடுவர். முதலிற் பக்கங்கள் தாமதித்து வரும், பின்னர் வாராதொழியும். சேவையகத்தின் மத்திய செயன்முறை அலகு நூறு வீதமும் வேலையில் அமிழ்ந்திருக்கும். உடனே பொறியை நிறுத்தி மீண்டும் இயக்குதலே பலர் கைக்கொள்ளும் பரிகாரம். அது நோயைச் சிறிது தணிப்பினும், நோயின் அடையாளங்களை அழித்துவிடுகின்றது. காரணம் அறியப்படாமையின் அந்நோய் மீண்டும் வரும்.

வலையின் தொடக்க காலத்துப் பக்கங்கள் பெரும்பாலும் முன்னரே எழுதிவைக்கப்பட்ட கோப்புகளாம். 1993இல் தோன்றிய சி.ஜி.ஐ. முறையும், 1995இல் றாஸ்மஸ் லேர்டோர்ப் வெளியிட்ட பி.எச்.பி.யும் கேட்போர்க்கேற்பப் பக்கத்தை அவ்வப்போதே ஆக்கியளிக்க வழி செய்தன. முன்னையது நூலகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் நூலை ஒக்கும். பின்னையது கேட்டபின் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை ஒக்கும். எழுதுதற்கு நேரம் வேண்டும்; அந்நேரமே செயலியின் சுமையாகின்றது.

இச்சுமை திடீரெனப் பெருகுவதேன் என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு பக்கத்தை ஆக்கச் செயலிக்கு 0.2 செக்கன் வேண்டுமெனக் கொள்க. நான்கு கருக்களையுடைய செயலி செக்கனுக்கு 20 பக்கங்களை ஆக்கும். செக்கனுக்கு 19 பேர் கேட்பின் இடரில்லை. 25 பேர் கேட்பின், ஒரு நிமிடத்தில் 300 வேண்டுகோள்கள் தேங்கி நிற்கும். காத்திருப்போர் பொறுமையிழந்து மீண்டும் மீண்டும் கேட்பதால் தேக்கம் மேலும் வளரும்.

ஆதலின், முதற்கண் செய்யத்தக்கது அவதானித்தலேயாம். லினக்ஸ் பொறிகளில் ‘டொப்’ என்னுங் கட்டளை, எந்நிரல் எவ்வளவு செயலி நேரத்தை உண்கின்றதெனக் காட்டும். அதன் தலைப்பிலுள்ள மூன்று சுமைச் சராசரிகள் முறையே 1, 5, 15 நிமிடங்களுக்குரியன. அவற்றைக் கருக்களின் தொகையோடு ஒப்பிடல் வேண்டும். எனினும், லினக்ஸில் வட்டுக்காகக் காத்திருக்கும் நிரல்களும் அச்சராசரியுட் சேர்வன. எனவே சராசரி உயர்ந்தமை கொண்டே செயலி களைத்ததெனத் துணிதல் தவறு.

சுமையின் பெரும்பகுதி மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தில் இருப்பின், தாமதித்த வினவல்களின் பதிவேட்டை நோக்குக. பத்து இலட்சம் பதிவுகளுள் ஒரு சுட்டெண்ணைத் தேடுங்கால், சுட்டி இல்லையேல் அட்டவணை முழுவதையும் படிக்க நேரிடும். வரிசைப்படுத்திய சுட்டி இருப்பின் ஏறத்தாழ இருபது ஒப்பீடுகள் போதும். ‘எக்ஸ்பிளெயின்’ என்னுங் கட்டளை, தரவுத்தளம் எவ்வழியிற் றேட எண்ணுகின்றதென உரைக்கும்.

சுமை பி.எச்.பி.யில் இருப்பின், வேண்டுகோட் பதிவேடு துணையாகும். எப்பக்கம் மிகுதியாகக் கேட்கப்படுகின்றது, கேட்பவர் மாந்தரா, தேடுபொறிகளின் தானியங்கிகளா என்பன அதனால் விளங்கும். நெறிநிற்குந் தானியங்கிகள் 1994 முதல் வழங்கும் ‘றோபோட்ஸ்’ கோப்பின் விதிக்கு அடங்கும்; அடங்காதவற்றைச் சேவையகமே தடுத்தல் வேண்டும். எல்லார்க்கும் ஒரே வடிவிற் செல்லும் பக்கத்தை ஒருமுறை ஆக்கிச் சேமித்துப் பலமுறை வழங்குதல் நன்று. 2013இல் பி.எச்.பி. 5.5உடன் இணைக்கப்பட்ட ‘ஒப்கேஷ்’, நிரலை ஒவ்வொரு முறையும் புதிதாக மொழிமாற்றும் வேலையைத் தவிர்க்கின்றது.

நெரிசலைக் கண்டு ஒரே வேளையில் இயங்கும் பணி நிரல்களின் தொகையை உயர்த்துவோரும் உளர். செயலி முன்னரே நிரம்பியிருக்கையில் அது பயன் தாராது. நினைவகமும் போதாதாயின், தரவுகள் வட்டுக்கும் நினைவகத்துக்குமிடையே அலைந்து, தாமதம் பன்மடங்காகும்.

மேற்கூறிய கணக்கில், ஒரு பக்கத்துக்குரிய நேரம் 0.05 செக்கனாகக் குறையின், அதே பொறி செக்கனுக்கு 80 பக்கங்களை வழங்கும். புதிய பொறி வாங்காமலே நான்கு பொறிகளின் பயன் கிட்டுகின்றது. எனவே, பொறியை மீள இயக்குமுன் அளவைகளைக் குறித்துக்கொள்ளலும், ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்து மீண்டும் அளத்தலும் இன்றியமையாதன. ஆய்கூடத்திற் பயிலும் மாணவர்க்கு இம்முறை புதியதன்று. கருவி மாறினும் காரணங் காணும் நெறி ஒன்றே.