காட்டுயானமும் குட்டை நெல்லும்

வேளாங்கண்ணியில் கொடியேறும் ஆகஸ்ட் 29 வாக்கில், சுற்றுவட்டார வயல்களில் சம்பாவுக்கு நேரடி விதைப்பு தொடங்கியிருக்கும். கடைமடைப் பகுதி, மேட்டூர்த் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் மண். இன்று இங்கே பெரும்பாலும் விளைவது இடுப்பளவு நெல். தாத்தா காலத்துக் காட்டுயானமோ ஏழடி வரை வளர்ந்து ஆளையே மறைத்தது.

அன்று உரம் என்றால் ஆட்டுக்கிடையும் எருவும் தழையும்தான். தழைச்சத்து கொஞ்சங்கொஞ்சமாகவே கிடைத்ததால் உயரம் தொல்லையாகவில்லை. யூரியா வந்ததும் நிலைமை மாறியது. உயர நெல் மேலும் நெடுத்து, கதிர் முற்றும் வேளையில் பெய்த மழைக்குச் சாய்ந்தது. 1960-களில் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தது. வேளாங்கண்ணி இருக்கும் நாகை அப்போது அந்த மாவட்டத்துக்குள்தான். 1965-இல் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. மறு ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்து குட்டை ரகமான ஐ.ஆர்.8.

அது ஏன் குட்டை என்பது 2002-இல்தான் தெளிவானது. பயிரில் 'டெல்லா' என்ற புரதங்கள் செல் வளர்ச்சியைத் தடுத்து நிற்கும். ஜிப்ரலின் ஹார்மோன் வந்தால் அவை சிதைந்துபோகும், தண்டு நீளும். ஐ.ஆர்.8-இல் ஜிப்ரலினை உருவாக்கும் மரபணு ஒன்று பழுதாகியிருந்தது. ஆக, டெல்லா குவிந்தது. எவ்வளவு யூரியா போட்டாலும் தண்டு நெடுக்கவில்லை.

இந்தக் குட்டைத்தனத்துக்கு ஒரு விலையும் உண்டு. பெய்ஜிங்கில் ஷியாங்டாங் ஃபூ குழு 2018-இல் அதைக் காட்டியது. ஜி.ஆர்.எஃப்.4 என்ற புரதம் வேரின் வழியே அம்மோனியம் எடுக்கவும் இலையில் மாவுச்சத்து சேர்க்கவும் வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும். டெல்லா அதன் கையைக் கட்டிப்போடுகிறது. குட்டை நெல் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை முழுதாக எடுப்பதில்லை. அதனால்தான் மூட்டை மூட்டையாகக் கேட்கிறது. ஜி.ஆர்.எஃப்.4-ஐக் கூட்டியபோது, உயரம் அப்படியே இருக்க, சத்து எடுப்பும் மகசூலும் கூடின. 2020-இல் அதே குழு, தழைச்சத்து கூடும்போது தூர் வெடிக்கச் செய்யும் என்.ஜி.ஆர்.5 புரதத்தையும் கண்டது.

ஆனால் ஆய்வகம் வயலுக்கு வரும்வரை உரத்தை நிறுத்திவைக்க முடியாதே. மேலுரம் போடும்முன் இலை வண்ண அட்டையை இலையோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் வேளாண் பல்கலைக்கழகத்தார். பெரும்பாலான ரகங்களுக்கு அட்டையின் எண் 4-க்குக் கீழே இலை வெளுத்தால் யூரியா. வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3. அது இன்னும் கொஞ்சம் உயரம். கூடுதலாகப் போட்டால் படுத்துவிடும்.